வலது கைச் சோறு

அந்த டாக்டரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரரின் வலது கையை மேசைமேல் வைத்து, விரலை நீட்டச் சொன்னார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினார். கட்டை விரலும் பக்கத்து விரலும் கொஞ்சம் அசைந்தன. "குட்" என்றார் டாக்டர். எதற்குக் குட்? மனுஷன் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார், இவருக்குக் குட்! பக்கத்தில் நின்ற பிசியோதெரபிப் பெண்ணிடம், இவர் நம் ஆராய்ச்சிக்குச் சரியாக வருவார் என்று இங்கிலீஷில் சொன்னார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் பிடித்திருக்கிறது என்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. தொம்மலூரில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாக, வீட்டுக்காரம்மாவின் வீட்டுக்குப் பின்பக்கம் குடியிருந்தோம். நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு, கோணல் தையல், விட்டுப்போன பட்டன் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. குற்றம் கண்டுபிடிக்கத்தான் சம்பளம் என்று அவர் கிண்டல் செய்வார். அவர் ஒரு பேக்கரியின் வேன் ஓட்டினார். நாற்பத்து நான்கு வயதில், ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் பேச்சு வந்தது. காலும் வந்தது, இழுத்து இழுத்து நடந்தார். கை மட்டும் வரவில்லை.

கை வரவில்லை என்றால் வேன் ஓட்ட முடியாது, சரி. அதைக்கூட நாங்கள் பொறுத்துக்கொண்டோம். சோறுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றார். "பீச்சாங்கையால சோறு திங்கறதுக்குப் பட்டினி கெடந்துட்டுப் போறேன்" என்றார். வைராக்கியமாம். பன்னை எடுத்துக் கடிக்கக்கூட அந்தக் கை வேண்டாமாம். காலையில் நான் கிளம்பும் முன் ஊட்டிவிட்டுப் போவேன். திரும்பி வர ஆறரை மணி ஆகும். அதுவரை அந்த மனுஷன் வயிற்றில் தண்ணீர் மட்டும்தான். மூன்று மாதத்தில் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர்மேல், அந்தக் கையின்மேல், மூன்று வேளையும் கை நிறையச் சோறு அள்ளித் தின்கிற ஊர்க்காரர்கள் எல்லார்மேலும்.

அதனால்தான் அந்த ஆராய்ச்சிக்குச் சம்மதித்தோம். ஆராய்ச்சி இதுதான்: நல்ல கையைக் கட்டிவிடுவார்கள். தடியான பஞ்சுக் கையுறை ஒன்றை இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் பட்டை போட்டு ஒட்டிவிடுவார்கள். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அது இருக்க வேண்டும். குளிக்கவும் கக்கூஸ் போகவும் மட்டும் கழற்றலாம். எல்லா வேலையையும் விழுந்துபோன கைதான் செய்ய வேண்டும். வேறு வழி இல்லை என்று தெரிந்தால் மூளை தானாக ஒரு புது வழி தேடிக்கொள்ளும் என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். கன்னடத்துப் பெண், தமிழை இழுத்து இழுத்துப் பேசுவாள். "நல்ல கை எல்லா கெலசமும் செய்யுதில்ல அக்கா, அதான் மூளை இந்தக் கைய மறந்தே போச்சு" என்றாள். இதில் எனக்கு நியாயம் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஆறு வாரம். சனிக்கிழமை சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்து சோதனை கொடுக்க வேண்டும், மற்ற நாள் வீட்டிலேயே பயிற்சி. மூன்றாவது வாரம் வரைக்கும் முன்னேற்றம் தெரியாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வாசலில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் வலது கையால் என்னென்ன செய்தார் என்று நான் டிக் போட வேண்டும். 'தானே சாப்பிட்டார்' என்று ஒரு கட்டம் இருந்தது. கூடவே ஒரு ஸ்பூன், பிடியில் ஸ்பாஞ்சு சுற்றியது. யாரும் ஊட்டக் கூடாது, யாரும் உதவக் கூடாது. டாக்டர் இதை மூன்று தடவை சொன்னார், என்னைப் பார்த்தே சொன்னார்.

முதல் நாள் சாயந்திரம். பத்து மணி நேரம் நின்று சட்டை பார்த்துவிட்டு, பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கி வந்து, சோறு வடித்து ரசம் வைத்து அவர் முன்னால் தட்டை வைத்தேன். ஸ்பூனைப் பிடித்தார். எங்கள் வீட்டில் பாயசத்துக்குக்கூட யாரும் ஸ்பூன் தொட்டதில்லை. ஒரு வாய் அள்ளினார், கை ஆடியது, சோறெல்லாம் பாயில். இரண்டாவது வாய் சட்டையில். மூன்றாவது தடவை தட்டே கவிழ்ந்து, ரசம் ஓடிப்போய் நான் துவைத்து மடித்து வைத்த துணிமேல் ஏறியது.

நான் கத்தினேன். கத்தாமல்? "கொட்டு, நல்லா கொட்டு! அங்க பத்து மணி நேரம் நின்னுட்டு வந்து இங்க உன் எச்சில வழிச்சிக்கிட்டே சாவறேன். கொழந்தையா நீ?" என்றேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார். நான் பிசைந்து ஊட்டினேன். பசியோடு சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்ததும் எனக்கும் கோபம் இறங்கிவிட்டது. நோட்டை எடுத்து, 'தானே சாப்பிட்டார்' கட்டத்தில் டிக் போட்டேன்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. ஸ்பூனைக் கொடுப்பேன், "ம், எடு, எடுங்க" என்பேன். கை ஆடும், விரல் சுருட்டிக்கொள்ளும், வாய் திறக்கும். நான் ஊட்டிவிட்டு டிக் போடுவேன். பசித்த மனுஷனைத் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்து வேடிக்கை பார்க்க அந்த டாக்டருக்கு மனசு வரலாம், எனக்கு வராது. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நான் நல்லவள், டாக்டர் கல் நெஞ்சுக்காரன்.

இதற்கு நடுவில் வீட்டுக்காரம்மாவோடு வேறு சண்டை. இரண்டாவது வாரத்திலிருந்து சாயந்திரம் வந்து பார்த்தால் சோற்றுப் பானையில் ஓரமாகக் குழி விழுந்திருக்கும். தயிர் பாதிதான் இருக்கும். அவள் ஒரு சாம்பல் பூனை வளர்த்தாள், அது எங்கள் சமையலறை ஜன்னலில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். நான் நேராகப் போய்க் கேட்டேன். "உங்க பூன என் வீட்டுச் சோத்துல வாய வெக்குது, கட்டிப் போடுங்க" என்றேன். அவள் சும்மா விடுவாளா? "மூடிய தொறந்து, சோத்த தின்னுட்டு, திரும்பி மூடி வெக்குதா எங்க பூன? சர்க்கஸ்ல விடறேன் இரு" என்றாள். நானும் பதிலுக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். "பூனதான, விட்டுத் தொல" என்றார்.

மூன்றாவது சனிக்கிழமை சோதனை. சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் கேட்டுக் கேட்டு சூப்பர்வைசரிடம் வேறு வசவு. ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் நிறைய மொச்சைக் கொட்டை, பக்கத்தில் காலிக் கிண்ணம். ஸ்பூனால் இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும், அந்தப் பெண் கடிகாரம் பார்ப்பாள். நான் வழக்கம்போல அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். "பதறாதீங்க... ம், புடி, புடி... அய்யோ, அத விட்டுட்டியே!" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தெம்பு கொடுக்கிறேனாம். கொட்டை ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டது. கடைசியில் விரல் ஸ்பூனைச் சுற்றி இறுகிக்கொண்டது, அந்தப் பெண்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

டாக்டர் சோதனைத் தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். நோட்டில் மூன்று வாரமும் டிக். "வீட்டில் தானே சாப்பிடுகிறவர் இங்கே ஒரு கொட்டையைத் தூக்க மாட்டாரா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அதனாலேயே அதிகமாகக் கத்தினேன். "எங்க வீட்ல யாரு சார் ஸ்பூன்ல திங்கறாங்க? கையில சாப்டச் சொல்லிப் பாருங்க! வெளிநாட்டுக்காரன் எழுதிக் குடுத்த பரீட்சைய எங்களுக்கு வெச்சா?"

அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். எல்லோருக்கும் ஒரே சோதனை வைத்தால்தான் யாருக்கு எவ்வளவு குணம் என்று ஒப்பிட முடியும், ஆளுக்கொரு சோதனை வைத்தால் அது ஆராய்ச்சி இல்லை என்றார். இன்னும் ஒரு வாரம் தருகிறேன், அதற்கும் கை எழவில்லையென்றால் வேறு ஆள் வரட்டும் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை ஃபேக்டரியில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. பதினொன்றரைக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பக்கத்துச் சந்தில் சமையலறை ஜன்னல் லேசாகத் திறந்திருந்தது, உள்ளே பாத்திரம் கிணுங்குகிற சத்தம். இன்றைக்குப் பூனையைக் கையும் களவுமாகப் பிடித்து அவள் மூஞ்சியிலேயே காட்டுகிறேன் என்று, மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் போய் எட்டிப் பார்த்தேன்.

அவர்தான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கீழே பழைய பேப்பரை நான்கு பக்கமும் விரித்திருந்தார். இடது கை கையுறையோடு மடியில் கிடந்தது. முன்னால் தட்டு, தட்டில் தயிர் சோறு. ஸ்பூன் கிடையாது. வலது கை தட்டுக்குள் இறங்கியது. விரல் நான்கும் சேர்ந்து சோற்றை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளின, கட்டை விரல் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தது. கை எழுந்தது. பாதி கீழே விழுந்தது. மீதியை எட்டிக் குனிந்து வாயில் வாங்கிக்கொண்டார். மென்றார். ஒரு அவசரமும் இல்லை. "வா, வா, மெல்ல வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று அந்தக் கையிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

நான் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கலாம். வேறு எந்தப் பெண்பிள்ளையானாலும் அப்படித்தான் நின்றிருப்பாள். எனக்குச் சந்தோஷம் தொண்டைவரை வந்தது, வெளியே வரும்போது வழக்கம்போலத்தான் வந்தது. "அடப்பாவி மனுஷா! இத்தன நாளா என்ன ஏமாத்திக்கிட்டா இருந்த?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். தட்டுக்கு மேல் இருந்த கை அப்படியே மூடிக்கொண்டது. என் கண்ணெதிரே, ஒவ்வொரு விரலாக உள்ளே சுருண்டு, முஷ்டியாக இறுகியது. விரலிடுக்கில் தயிர் சோறு பிதுங்கி வழிந்தது.

எழுந்து வந்து கதவைத் திறந்தார். நான் உள்ளே போய் அந்த முஷ்டியைப் பிடித்துப் பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

"விடு. இப்ப வராது" என்றார்.

"எனக்கு முன்னாடி மட்டும் ஏன் வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்த?"

"கொட்டுனா கத்துவ. பசியில அத வேற கேக்க முடியல. ஊட்னா ஊட்டட்டும்னு விட்டுட்டேன்."

"நான் கத்தறதுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? உன் செருப்புச் சத்தம் கேட்டாலே மூடிக்குது. நான் மூடல." அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு, பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

 மறுநாள் போய் வீட்டுக்காரம்மாவிடம், உங்கள் பூனை ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்கு அவள் நான்கு திட்டுத் திட்டியிருக்கலாம்.

சனிக்கிழமை அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். நோட்டில் இருக்கும் டிக் எல்லாம் பொய் என்று சொன்னேன். தினமும் நான்தான் ஊட்டினேன் என்று சொன்னேன். புதன்கிழமை மத்தியானம் ஜன்னலில் பார்த்ததையும் சொன்னேன். அவள் முகம் முதலில் சிவந்தது, பிறகு யோசித்தாள். பயம், வெட்கம், அவசரம் எது வந்தாலும் இந்த மாதிரிக் கையில் தசை இன்னும் இறுகும், நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன் என்றாள். "அவரு வேணும்னே செய்யறதில்ல அக்கா. அது அவரு கையில இல்ல."

"அப்ப இன்னைக்கு என்ன பண்றது?"

"நீங்க சொல்ப, கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க."

பதினெட்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். விழுந்த நாளிலிருந்து அவர் மலம் மூத்திரம் அள்ளியவள் நான். நேற்றுப் படிப்பு முடித்து வந்த பெண் என்னை வெளியே நிற்கச் சொல்கிறாள்! வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். கதவு வழியாக அவர் தெரிந்தார். கையைத் தொடைமேல் விரித்து வைத்து, மற்றக் கையின் கையுறையால் மெதுவாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு வெளியே நின்றேன். கதவைச் சாத்தினார்கள்.

ஸ்டீல் கிண்ணத்தில் கொட்டை விழும் சத்தம் கேட்டது. 'டங்.' ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒன்று. பிறகு ஒன்று. அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். ஆராய்ச்சியில் அவர் இடம் பறிபோகாது என்று தெரிந்துவிட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது, அதே வயிறு எரிந்தது. இரண்டும் உண்மை, மறைத்து என்ன ஆகப் போகிறது?

டாக்டர் விஷயம் தெரிந்து என்னைக் கூப்பிட்டார். மூன்று வாரத்து நோட்டு குப்பை என்றார். எங்களைப் போல இன்னும் எத்தனை வீட்டில் பொய் டிக் போடுகிறார்களோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு தடவைதான் அவரும் மனுஷன் என்று தோன்றியது. என் வீட்டுக்காரரின் இடம் அவருக்கே இருக்கட்டும், இனி நோட்டை நோயாளியே வலது கையால் எழுதட்டும் என்றார். பிறகு எங்கள் தாளில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார். எனக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்திருப்பார். எக்ஸ்போர்ட் சட்டையின் லேபிளும் ஸ்லிப்பும் படித்துப் படித்து எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். சோதனையின்போது மனைவி அறையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது.

ஆறு வாரம் முடிந்தது. கை முழுக்க வரவில்லை, ஆனாலும் வந்தது. பேக்கரிக்காரர்கள் கடையிலேயே ரொட்டி எடுத்துக் கொடுக்கிற வேலை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே மத்தியானம் மற்றவர்களோடு உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டார். பேன்ட்டுக்குக் கயிறு தேவைப்படவில்லை. வீட்டுக்காரம்மா வீட்டு விசேஷத்தில் பந்தியில் உட்கார்ந்து, இலையில் சாம்பார் ஓடாமல் அணை கட்டிச் சாப்பிட்டார் என்று அவளே வந்து சொன்னாள். நானும் அன்றைக்கு அங்கேதான் சாம்பார் வாளியோடு நின்றேன். நான் அவர் வரிசைக்கு வந்ததும் அவர் கை இலைக்குக் கீழே போய்விட்டது. நான் வாளியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு எதிர் வரிசைக்குப் போனேன்.

நான் மாறவில்லை என்று நினைக்காதீர்கள். வாய்தான் காரணம் என்றால் வாயை மூடினேன். மாதக்கணக்கில் அவர் எதிரே ஊமை மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். சிரித்துக்கூடப் பார்த்தேன். முகமே போதுமாம், விரல் சுருண்டுவிடும். கடைசி சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைக் கேட்டேன், எப்போதாவது சரியாகுமா என்று. "மூளை புதுசா கத்துக்கறப்போ, கூட இருக்கறத எல்லாம் சேத்து கத்துக்கும் அக்கா. உங்களையும் கத்துக்கிச்சு" என்றாள். ஆறுதலாகச் சொன்னாளா, குத்தலாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது வருஷங்கள் ஓடிவிட்டன. சாயந்திரம் ஃபேக்டரியிலிருந்து வருகிறேன், சமைக்கிறேன், தட்டில் போட்டு அவர் முன்னால் வைக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு வெளியே குழாயடியில் போய் நிற்கிறேன். பூனை நிற்கும், நானும் நிற்பேன். பசி காதை அடைக்கும். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "வரட்டுங்களா?" என்று கேட்பேன்.

"இரு" என்பார் உள்ளேயிருந்து. "இன்னும் ரெண்டு வாய் இருக்கு."